பதினொன்றாம் வகுப்பின் நூறு வீதம்

“அதெப்பிடிப் பிள்ளை சைபர் வீதம் வரும்?”

“வரும் சேர். நேற்று நான் வரேல்லைத்தானே.”

“நீ ஒராள் வராட்டி?”

“வகுப்பில இருக்கிறதே ஒராள்தானே சேர். ஒண்டில சைபர் எத்தினை வீதம் எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

அஸ்வர் சேர் எங்கள் அதிபர். படிப்பிப்பது தமிழ், கணக்கில்லை. அலுவலக வாசலில் தொங்கும் வரவுப் பலகைக்கு முன்னால் டஸ்டரைப் பிடித்தபடி, அழிக்கவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் நின்றார். அந்தப் பலகையில் வகுப்புக்கு ஒரு வரி. மொத்தம் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர், அது எத்தனை வீதம். பதினொன்றாம் வகுப்பின் வரியில் முதல்நாள் எழுதியது அப்படியே இருந்தது. ஒன்று, சைபர், சைபர் வீதம்.

எழுதியது நானில்லை. நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். ஒன்பதாம் வகுப்பு நுஸ்லாதான் எழுதியிருக்கிறாள். சேர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, “றிம்ஸியா ராத்தா சொல்லித் தந்த மாதிரித்தான் சேர், வந்த ஆக்களை மொத்த ஆக்களால பிரிச்சு நூறால பெருக்கினனான்” என்று என்னை மாட்டிவிட்டிருக்கிறாள். மாட்டிவிட்டாலும் கணக்குச் சரி. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

“கணக்குச் சரி பிள்ளை,” என்றார் சேர். “ஆனா நேற்றுத்தான் கல்வி வலயத்தில இருந்து ஆக்கள் வந்தவை. இதைப் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டவை.”

“சிரிச்சவையா சேர்?”

“சிரிச்சிருந்தாப் பரவாயில்லையே.”

சேர் பலகையை அழித்துவிட்டு, சோக்கை என்னிடம் தந்தார். நான் என் வரியை எழுதினேன். ஒன்று, ஒன்று, நூறு வீதம்.

ஆறாம் வகுப்பில் நாங்கள் பத்துப் பேர். அப்போது நான் பத்தில் ஒன்று. தசமத்தில் சொன்னால் 0.1, வீதத்தில் பத்து. எல்லோருமே சண்டைக் காலத்தில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, பிறகு அங்கிருந்து திரும்பி வந்த வீடுகளின் பிள்ளைகள். வந்தபிறகு சிலருக்கு வாப்பாவின் கடை அங்கேயே நின்றுவிட்டது, சிலருக்கு மூத்த ராத்தாவுக்கு அங்கே கல்யாணமாகிவிட்டது, ஒரு வீட்டாருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவரவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். எட்டாம் வகுப்பில் ஐந்து பேர், நான் ஐந்தில் ஒன்று, இருபது வீதம். ஒன்பதில் நாலு பேர், இருபத்தைந்து. பத்தில் நானும் ஸுல்பாவும் மட்டும். ஆளுக்கு ஐம்பது.

பிறகு ஸுல்பாவின் வீட்டுச் சாமான்களும் புத்தளம் போகும் லொறியில் ஏறின. அலுமாரியைக் கயிற்றால் கட்டியபோது அதன் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். லொறி திரும்பியது. கண்ணாடியில் முதலில் அவள் போனாள், பிறகு நான். அன்றைக்கு நான் ஐம்பதிலிருந்து நூறுக்கு ஏறினேன்.

இதை யோசித்துப் பாருங்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன். ஒவ்வொருவராகப் போகப் போக என் வீதம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. மேலே இருக்கும் எண் மாறவேயில்லை, அது எப்போதும் ஒன்றுதான். கீழே இருக்கும் எண்தான் குறைந்தது. வீதம் கூடினால் எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்குக் கூடியதைப் பார்க்கக்கூட ஆளில்லை.

ஒருத்தி மட்டும் படிக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஸுல்பா அடிக்கடி கேட்பாள். முதலாம் பிள்ளையும் நான்தான், கடைசிப் பிள்ளையும் நான்தான். வகுப்புத் தலைவி நான். என்னை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டியவளும் நான். புத்தகத்தில் ‘நண்பருடன் கலந்துரையாடுக’ என்று வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கடந்து போவேன். கதிரைகள் பத்தும் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் வேறு கதிரையில் இருப்பேன், ஒரு கதிரைக்கு மட்டும் பழக்கமாகக் கூடாது என்று.

எங்கள் கணித ஆசிரியை அருந்ததி ரீச்சர். தர்மபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் வருகிறவர், வந்ததும் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் கதைப்பார். பாடம் முடிந்ததும் பழக்கத்தில், “ஆருக்கு விளங்கேல்லை, கையைத் தூக்குங்கோ” என்று வகுப்பு முழுவதையும் சுற்றிப் பார்ப்பார். நான் தூக்கினால் வகுப்பில் நூறு வீதம் பேருக்கு விளங்கவில்லை. அது ரீச்சருக்குப் பாவமாக இருக்கும் என்று பல நாள் தூக்காமல் விட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ரீச்சர் பாடம் தொடங்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“றிம்ஸியா, சேர் உனக்குச் சொன்னவரா?”

“இல்லை ரீச்சர். சைபரைப் பாத்துக் கனநேரம் நிண்டவை எண்டு மட்டும்தான் சொன்னவர்.”

“சரி, நான் சொல்லுறன். எங்கட கல்விக் கோட்டத்தில எட்டுப் பள்ளிக்கூடம் ஓ.எல் சோதனை எழுதுது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் சித்தி வீதம், பாஸான ஆக்களின்ர வீதம், இருக்கெல்லோ. எட்டையும் கூட்டி எட்டால பிரிக்கினம். அதுதான் கோட்டத்தின்ர சராசரி.”

“ஓம்.”

“எங்கட பள்ளிக்கூடத்தில எழுதப்போறது நீ ஒராள். நீ பாஸ் எண்டா நாங்கள் நூறு வீதம். பெயில் எண்டா சைபர். நடுவில ஒண்டும் இல்லை.”

“நான் அரைவாசி பாஸாக ஏலாதா ரீச்சர்?”

ரீச்சர் சிரித்தார். உடனே நிறுத்தினார். “கணக்கில போன மாதிரிப் பரீட்சையில உனக்கு எத்தினை?”

“நாப்பத்தொண்டு.”

வீதம், பின்னம், விகிதம் என்று வந்தால் நான் ஒரு புள்ளியும் விடமாட்டேன். வட்டம், கோணம், நிறுவல் என்று வந்தால் எல்லாப் புள்ளியும் விட்டுவிடுவேன். ரீச்சருக்கும் தெரியும். நாற்பத்தொன்று என்பது பாஸ்தான், ஆனால் ஒரு வட்டக் கணக்குக் கூடவாக வந்தால் போய்விடும்.

“அதுக்குத்தான் பயப்பிடுகினம். நீ சைபர் எண்டா கோட்டத்தின்ர சராசரி பன்னிரண்டரை வீதம் விழும். அதால உன்னை மெயின் றோட்டில இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லுகினம். இஞ்ச பத்தாம், பதினோராம் வகுப்பை நிப்பாட்டுறது எண்டு யோசனை.”

“அப்ப நுஸ்லாவையள்?”

ரீச்சர் யன்னலைப் பார்த்தார். பத்தில் இப்போது ஒருவருமில்லை, ஒன்பதாம் வகுப்பில் நுஸ்லாவோடு சேர்த்து மூன்று பேர். அடுத்த வருடம் அவர்கள் பத்துக்கு வர வேண்டும். இங்கே பத்து இல்லை என்றால் பஸ் எடுத்துப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். நுஸ்லாவின் உம்மா ஏற்கனவே கிணற்றடியில் சொல்லிவிட்டார், வகுப்பு இல்லை என்றால் நாங்களும் புத்தளம்தான் என்று.

“நீ நிண்டா வகுப்பு நிக்கும்,” என்றார் ரீச்சர். “நிண்டு பாஸாகவும் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லோணும், பேர் அனுப்ப வேணுமாம். உன்னை ஒருத்தரும் பிடிச்சு வைக்கேல்லை. அங்க நாப்பது பிள்ளையள் ஒரு வகுப்பில. உனக்கு வயசு பதினாறு. உனக்கு ஆக்கள் வேணும்தானே.”

எனக்கு ஆட்கள் வேண்டும். அதை இன்னொருவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். கதைத்தால் அழுதுவிடுவேன் என்று கையைத் தூக்கினேன், விளங்கவில்லை என்பது போல.

வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக் கழற்றமுதலே குசினிக்குள் போய் உம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

“மூச்சு விட்டுக் கதை மகள்.”

“மூச்சு விட நேரமில்லை உம்மா, வெள்ளிக்குள்ள சொல்லோணும்.”

“நாள் முழுக்க ஒருத்தரோடயும் கதையாம இருந்து, வந்து என்ர காதைத் தின்னுறது. வாப்பாவும் வவுனியாவில, நீயும் நானும் சுவருமா இருக்கிறம்.” திருவலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீ அங்க போ. ஆளோட ஆளா இரு. எனக்குத்தான் இந்த ஒழுங்கையில கதைக்க ஆளில்லை, உனக்குமா?”

எங்கள் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடுகள். பின்னேரம் விளக்கு எரிவது மூன்றில். மற்ற ஒன்பதும் பூட்டு. கால்வாசி வெளிச்சம், முக்கால்வாசி இருட்டு. விகிதமாகச் சொன்னால் ஒன்றுக்கு மூன்று. உம்மா அந்த மூன்று வீட்டையும் வெளியே நின்று ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

“நான் போனா நுஸ்லா வீடும் போகும் உம்மா. பிறகு ரெண்டு வீடுதான்.”

“அதையெல்லாம் நீ ஏன் சுமக்கிறாய்?” என்றார் உம்மா. ஆனால் திருவலையில் மறுபடி கை வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஸுல்பாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னால் ஒரே சத்தம்.

“வந்துடுடி இங்கயே,” என்றாள். அவளுக்கு இப்போது பேச்சே புத்தளப் பேச்சாக மாறிவிட்டது. “எங்கட கிளாஸ்ல நாப்பத்தாறு பேர் இரிக்கிறம்.”

“அப்ப நீ ரெண்டு வீதம்தான். சரியாச் சொன்னா 2.17.”

“ஓ, தொடங்கிட்டாள்.” சிரித்தாள். “சேர் இன்னும் என்ட பேரை மாத்தித்தான்டி கூப்புடுறார்.”

“என்னோட இருந்த மாதிரி அங்க ஆராவது இருக்கினமா?”

“டியூசனுக்கு நேரமாகிட்டுடி, வெச்சிடவா?” என்றாள்.

வைத்துவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுக்க முடியாதே.

வியாழக்கிழமை பெரிய பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். அஸ்வர் சேர் அந்த அதிபருடன் கதைத்து, ஒரு நாள் போய் இருந்து பார்க்கட்டும் என்று ஒழுங்கு செய்திருந்தார். பஸ்ஸில் இறங்கி வாசலுக்கு வந்தபோதே சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. திருவிழா போல இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூலையில் ஒரே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதில் இருத்தினார்கள். பக்கத்தில் தாட்சாயினி என்று ஒருத்தி. இரட்டைப் பின்னல், கையெல்லாம் பேனா மை.

“எங்க இருந்து வாறீர்?”

சொன்னேன். எங்கள் ஊரையும், ஸுல்பாவையும், வரவுப் பலகையையும், நுஸ்லாவையும், பத்துக் கதிரையையும் சொன்னேன். மூச்சு விட்டேனோ தெரியாது.

“ஐயோ, நீர் என்ன ரேடியோவே?” என்றாள். “நிப்பாட்டுற சுவிச் எங்க இருக்கு?”

“இல்லை. ஆறு மாசமாத் தேடுறன்.”

அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். ஒருத்தியைச் சிரிக்க வைத்துவிட்டேன்! அந்தச் சந்தோசத்தில் அடுத்த பாடம் என்ன என்றே நான் கவனிக்கவில்லை.

“எத்தினையாம் பிள்ளை நீர்?” என்று முன்வரிசைப் பெடியன் ஒருத்தன் திரும்பிக் கேட்டான்.

“முதலாம் பிள்ளை.”

“எத்தினை பேரில?”

“ஒராளில.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பகிடி நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புக்குள் கலந்து சிரிப்பதற்கு எனக்கு எத்தனை நாளாக ஆசை.

பிறகு கணக்குப் பாடம். அங்கத்தைய சேர் வட்டத்தில் கோணங்கள் செய்தார். ஆச்சரியம் என்னவென்றால் அன்றைக்கு எனக்கு விளங்கியது. அவர் செய்யும்போது ஒருவன் பிழையாகச் சொன்னான், இன்னொருத்தி அதைத் திருத்தினாள், அவளையும் ஒருவன் மறித்தான். மூன்று பேரின் பிழைகளுக்கு நடுவில் சரியான விடை தானாகத் தெரிந்தது. என் வகுப்பில் பிழை விடுவதற்கும் நான் மட்டும்தான். கடைசியில் அவரும், “ஆருக்கு விளங்கேல்லை?” என்று கேட்டார். பாதிக் கைகள் உயர்ந்தன. எனக்கு விளங்கியிருந்தது. இருந்தாலும் கையைத் தூக்கினேன். அத்தனை கைகளுக்குள் என் கையும் ஒன்று நிற்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தாட்சாயினி தன் புட்டையும் முட்டைப் பொரியலையும் என் பக்கம் தள்ளினாள். நான் ரொட்டியையும் மாசிச் சம்பலையும் அவள் பக்கம் தள்ளினேன். அப்போது வகுப்புத் தலைவன் வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணிக்கொண்டு போய் கரும்பலகையின் மூலையில் எழுதினான். மொத்தம் நாற்பது, வரவு நாற்பது, நூறு வீதம்.

நான் தாட்சாயினியைப் பார்த்தேன். “இந்தக் கதிரை ஆற்ற?”

“விஜிதரன்ர.”

“அவர் வரேல்லைத்தானே?”

“போன கிழமையில இருந்து வரேல்லை.”

“ஏன்?”

அவள் தோளைக் குலுக்கினாள். “தெரியேல்லை. வயல் வேலையோ என்னவோ.”

“அப்ப வந்த உங்கட ஆக்கள் முப்பத்தொன்பது. நான் சேர நாப்பது. நான் கணக்கிலயே இல்லை. முப்பத்தொன்பதின் கீழ் நாப்பது… இல்லை, நாப்பதின் கீழ் முப்பத்தொன்பது. தொண்ணூற்றேழரை வீதம்.”

“நூறு எண்டா நூறுதானே, விடும்,” என்றாள் தாட்சாயினி. ஆனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒருதடவை வாசலைப் பார்த்தாள்.

எழுந்துபோய் அந்த வீதத்தைத் திருத்துவோமா என்று எனக்குக் கை துருதுருத்தது. விருந்தாளியாகப் போன இடம். திருத்தவில்லை. நான் இருந்த கதிரை சூடாக இருப்பது போலத் தோன்றியது. ஒருவன் இல்லாமல் போனது ஒருவருக்கும் தெரியாதபடி நான் அதை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னல் கரை கிடைத்தது. எனக்கு வீதங்கள் ஓடின. எட்டுப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்து இந்தமுறை இருநூற்று நாற்பது பேர் எழுதுகிறார்கள் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் நான் இருநூற்று நாற்பதில் ஒன்று, அரை வீதமும் இல்லை. நான் பெயிலானால் கோட்டத்தின் சித்தி அரை வீதம்கூட விழக் கூடாது. ஆனால் பன்னிரண்டரை விழும் என்கிறார்கள். ஏன்? எட்டில் ஒன்று நான் என்பதால். எட்டில் ஒன்றை இருநூற்று நாற்பதில் ஒன்றால் பிரித்தேன். முப்பது.

முப்பது! யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன் சீற்றில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவர்களுடைய சராசரியில் நான் ஒருத்தி முப்பது பேருக்குச் சமன். முப்பது பேரின் பாரத்தை ஒருத்தியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த முப்பது பேரும் எங்கே? அவர்களில் ஒருத்தியாவது எனக்குப் பக்கத்தில் இருந்து கணக்கைப் பிழையாகச் செய்திருக்கலாமே.

வெள்ளிக்கிழமை காலையே அலுவலகத்துக்குள் போய்விட்டேன். சேரும் ரீச்சரும் இருந்தார்கள்.

“சேர், அவையின்ர கணக்குப் பிழை. வீதங்களைக் கூட்டி எட்டால பிரிக்கக் கூடாது. பாஸான ஆக்களைக் கூட்டி, எழுதின ஆக்களால பிரிக்கோணும். இப்பிடிச் செய்தா நான் முப்பது பேர் சேர்!”

“முதல்ல இரு பிள்ளை,” என்றார் சேர்.

“நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றார் ரீச்சர். “அவையும் விளங்கேல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா போன வருசத்தோட ஒப்பிட்டுப் பாக்கோணுமாம், அதுக்கு முந்தின மாதிரியே செய்ய வேணுமாம்.”

அவ்வளவுதான். நான் பஸ்ஸில் கண்டுபிடித்தது எல்லோருக்கும் தெரிந்த விசயம். தெரிந்தும் ஒன்றும் மாறாது. நான் கதிரையில் இருந்தேன்.

“இப்ப நீ என்ன யோசிக்கிறாய்?” என்று சேர் கேட்டார். “அங்க உனக்குப் பிடிச்சுதா?”

“பிடிச்சுது சேர்.”

“அப்ப போறியா?”

“இல்லை சேர்.”

“அப்ப நிக்கிறியா?”

“எனக்கு ரெண்டும் வேணும் சேர்.”

ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சேருக்கு வரவில்லை. நான் விடாமல் சொன்னேன். என் பெயர் இங்கேயே இருக்கட்டும். வகுப்பும் இருக்கட்டும். ஆனால் கிழமையில் ஒரு நாள் நான் அங்கே போய் இருந்து படிக்கிறேன். அங்கே எனக்கு வட்டம் விளங்கியது. பாஸாகிறதென்றால் எனக்குப் பிழை விடுகிற ஆட்கள் வேண்டும்.

“எப்பிடிப் பிள்ளை ஏலும்? பள்ளிக்கூடத்தால எழுதிறதெண்டா எண்பது வீத வரவு இருக்கோணும். நீ அங்க போற நாள் இஞ்ச வராத நாள்தானே.”

“நாலுக்கு ஒண்டு சேர். நாலு நாள் இஞ்ச, ஒரு நாள் அங்க.”

சேர் மேசையில் விரலால் எழுதிப் பார்த்தார். “நாலுக்கு ஒண்டு எண்டா கால்வாசி. இருபத்தைஞ்சு போனா எழுபத்தைஞ்சுதானே வரும். காணாது பிள்ளை.”

“இல்லை சேர்!” நான் எழும்பிவிட்டேன். கையை விரித்துக் காட்டினேன். “நாலு விரல் இஞ்ச. பெருவிரல் அங்க. நாலுக்கு ஒண்டு. ஆனா மொத்தம் எத்தினை விரல்?”

“அஞ்சு.”

“அப்ப பெருவிரல் அஞ்சில ஒண்டு. இருபது வீதம். இஞ்ச அஞ்சில நாலு. 0.8. எண்பது வீதம். சரியா வாசலில நிக்கும் சேர்!”

சேர் என் கையையே பார்த்தார். பிறகு ரீச்சரைப் பார்த்தார்.

“விகிதத்தில ஒண்டை மற்றதோட பாக்கிறம்,” என்றார் ரீச்சர். “பின்னத்தில மொத்தத்தோட. அவள் சொல்லுறது சரி சேர்.”

“எண்பதில தொங்கிக்கொண்டு நிப்பாய். ஒரு காய்ச்சல் வந்தா?”

“வருசம் தொடங்கின நாள் தொட்டு நான் முழுக்க வந்திருக்கிறன் சேர், இந்த ஒரு காய்ச்சலையும் நேற்று அங்க போனதையும் தவிர. முழு வருசத்துக்கும்தானே வீதம் பாக்கிறது. கொஞ்சம் சேமிப்பு இருக்கு.”

சேர் வலயத்துக்குப் போன் எடுத்தார். கனநேரம் ‘ஓம், ஓம், விளங்குது’ என்றார். வைத்துவிட்டு, “சரியாம்,” என்றார். “ஆனா பெயிலானா அடுத்த வருசம் பத்தும் பதினொண்டும் இஞ்ச இல்லை எண்டு தெளிவாச் சொல்லிட்டினம். பாரம் உன்ர தலையில பிள்ளை. யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சிட்டன் சேர்.”

வெளியே நுஸ்லாவும் மற்ற இரண்டு பேரும் யன்னலுக்குக் கீழே குந்தியிருந்தார்கள். நான் வந்ததும் ஒன்றும் கேட்காதது போல எழும்பி ஓடினார்கள். அவர்களுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், சேர்ந்து ஓடுவதற்கு.

இப்போது மூன்று கிழமை ஆகிறது. சேர் எனக்குத் தந்தது திங்கட்கிழமை. திங்களில் நான் தாட்சாயினிக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டு இருக்கிறேன். விஜிதரன் திரும்பி வந்துவிட்டான், அதனால் எனக்குக் கதிரையே இல்லை, தாட்சாயினியும் அவளுக்கு மற்றப் பக்கத்தில் இருப்பவளும் நானுமாக இரண்டு கதிரையில் மூன்று பேர். ஆளுக்கு மூன்றில் இரண்டு கதிரை, அறுபத்தாறு தசம் ஆறு வீதம், அந்த ஆறு முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். வட்டக் கணக்குப் பரவாயில்லை. கடைசிச் சோதனையில் ஐம்பத்திரண்டு எடுத்தேன்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது, அதை உங்களிடம்தான் கேட்கலாம். உம்மாவிடம் சொன்னால் அங்கேயே போ என்பார், ரீச்சரிடம் சொன்னால் வருத்தப்படுவார். முன்பு ஐந்து நாளும் தனியாக இருந்தபோது அது எனக்குச் சாதாரணம். ஒப்பிட ஒன்றும் இருக்கவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் என் வகுப்புக் கதவைத் திறந்தால் பத்துக் கதிரையும் என்னைப் பார்க்கின்றன. புதன் அதைவிட நீளம். வியாழன் வரும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை நான் ரீச்சரிடம் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டு அவரைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறேன். கணக்குப்படி என் தனிமை நூறிலிருந்து எண்பதாகக் குறைந்திருக்க வேண்டும். குறைந்த மாதிரி இல்லை. கூடின மாதிரித்தான் இருக்கிறது.

அதனால் இப்படி யோசித்தேன். திங்களைப் புதனுக்கு மாற்றச் சொல்லி சேரிடம் கேட்கப் போகிறேன். இரண்டு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே, திரும்ப இரண்டு நாள் இங்கே. இரண்டுக்கு ஒன்றுக்கு இரண்டு. வீதம் அதேதான், இருபதுக்கு ஒரு புள்ளியும் கூடாது, எண்பதுக்கு ஒரு புள்ளியும் குறையாது. ஆனால் தனியாக இருக்கும் நாட்கள் இரண்டு துண்டாக உடையும், ஒரு துண்டு போகும்போதே அடுத்த பக்கத்தில் ஆட்கள் தெரிவார்கள். எண் மாறாமலே பாரம் குறையும் என்றுதான் நான் நினைக்கிறேன். குறையும்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?